மொடியூல் மாற்றுவதற்கு முன் அந்த எர்த் வயரை ஒருமுறை பாருங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. கார் வைத்திருப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள். கார் இல்லாதவர்கள், கார் வைத்திருக்கும் மச்சானுக்கோ மருமகனுக்கோ அனுப்பி விடுங்கள்.

இதை எழுத ஒரே காரணம், நம்ம ஊரில் இப்போது அடிக்கடி காதில் விழும் ஒரு வார்த்தை: "மொடியூல் போய்ட்டு." ஏபிஎஸ் மொடியூல், ஸ்டியரிங் மொடியூல், என்ஜின் கொம்பியூட்டர் என்று எதையாவது சொல்கிறார்கள். விலை ஒரு இலட்சத்துக்குக் கீழே வருவதில்லை. வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். திறந்த பிறகும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் ஆசிரியர் சம்பளத்தில் புது வண்டி கனவுதான். ஆகவே பத்து, பன்னிரண்டு வருடம் ஓடிய ஜப்பான் வண்டிகளை வைத்துத்தான் நாமெல்லாம் சமாளிக்கிறோம். வயது போனால் மனுசனுக்கு முட்டு வலி வருவது போல, இந்த வண்டிகளுக்கு வயரிங் வலி வருகிறது.

நகையை அடகு வைத்து மொடியூல் வாங்கிப் போட்டு, இரண்டு கிழமையில் அதே லைட் திரும்பவும் எரிந்த குடும்பங்களை எங்களுக்குத் தெரியும். அந்த நிலைக்கு நாங்களும் கிட்டப் போனோம். அல்ஹம்துலில்லாஹ், அந்தப் பணத்தைக் கட்டாமலே பிழை பிடிபட்டது. எப்படிப் பிடிபட்டது என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம். வண்டியின் பெயரும் கராஜ்களின் பெயரும் வேண்டாம். யாரையும் குறை சொல்வதற்கு இது எழுதப்படவில்லை.

எங்களுடையது 2014 மொடல் ஹைபிரிட். நாங்கள் இருவரும் ஆசிரியர்கள். மின்சாரத்தில் எங்களுக்குத் தெரிந்தது தரம் 11 விஞ்ஞானப் புத்தகத்தில் இருக்கும் அளவுதான். வாப்பாவை வாரத்தில் இரண்டு நாள் இரத்தம் சுத்திகரிக்கத் திருகோணமலைக்குக் கொண்டு போகவேண்டும். போகும்போது பஸ்ஸில் போய்விடலாம். திரும்பி வரும்போது அவருக்கு நிற்கவே ஏலாது. ஆகவே அந்தக் கார் எங்களுக்கு ஆடம்பரம் அல்ல.

பிழை இப்படித்தான் தொடங்கியது. ஓடிக்கொண்டிருக்கும்போது டெஷ்போர்டில் எல்லா லைட்டும் ஒரே நேரத்தில் எரியும். ஏபிஎஸ், ஸ்டியரிங், ஸ்கிட் லைட், கடைசியில் என்ஜின் லைட்டும். ஸ்டியரிங் கல்லு மாதிரி இறுகும். ஸ்பீட் மீட்டர் முள் விழும். ஒதுக்கி நிறுத்தி, ஓஃப் பண்ணி, ஐந்து நிமிடம் கழித்து ஓன் பண்ணினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். ஒரு நாள் முள்ளிப்பொத்தானை தாண்டி, பாலம்போட்டாறு பக்கம் மாடுகள் ரோட்டைக் குறுக்கே கடக்க நாங்கள் மெதுவாகப் போனபோது வந்தது. பின் சீட்டில் வாப்பா படுத்திருந்தார். பட்டப்பகல், ஆள் நடமாட்டம் உள்ள இடம், பரவாயில்லை. இதே பிழை இரவில் ஹபரணைப் பக்கம் யானை கடக்கும் காட்டு ரோட்டில் வந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்ற நினைப்பு அன்றிரவு தூங்க விடவில்லை.

மூன்று இடத்தில் ஸ்கேன் அடித்தோம். ஒரு இடத்தில் ஏபிஎஸ் மொடியூல் என்றார்கள், ரீகண்டிஷன் சாமான் பஞ்சிகாவத்தையில் இருந்து எடுத்துத் தர ஒரு இலட்சத்து எண்பத்தையாயிரம் கேட்டார்கள். இன்னொரு இடத்தில் என்ஜின் கொம்பியூட்டர் என்றார்கள். மூன்றாவது இடத்தில் ஹைபிரிட் பெட்டரி என்றார்கள். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. அவரவர் மெஷினில் வந்த கோட்டைத்தான் சொன்னார்கள். வண்டி கராஜுக்குள் நிற்கும் இருபது நிமிடத்தில் பிழை வராது. வராத பிழையை எந்த பாஸும் பிடிக்க முடியாது. டொக்டரிடம் போனதும் காய்ச்சல் விட்டுப்போவது மாதிரி.

வாப்பா சொன்னது ஒன்றுதான். "புள்ளைகள், என்ன நெனச்சி கடன்படாதிங்க. பஸ்ஸில போவம்." அந்தச் சொல்தான் எங்களை மீட்டரைக் கையில் எடுக்க வைத்தது.

முதலில் மொடியூல் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறோம். இன்றைய காரில் ஒரு கொம்பியூட்டர் இல்லை, பல சின்னக் கொம்பியூட்டர்கள் இருக்கின்றன. என்ஜினுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, ஸ்டியரிங்குக்கு ஒன்று, எயார்பேக்குக்கு ஒன்று, கதவு லைட்டுகளுக்கு ஒன்று. இவை ஒன்றோடொன்று பேசுவதற்கு முறுக்கிய இரண்டு வயர் போதும். அந்த முறைக்குப் பெயர் கேன். ஜெர்மனியின் பொஷ் நிறுவனம் உருவாக்கி 1986இல் வெளியிட்டது. அதற்கு முன் ஒவ்வொரு சுவிட்சுக்கும் தனித்தனி வயர் ஓட வேண்டியிருந்தது. இப்போது எல்லாரும் ஒரே இரண்டு வயரில் மாறி மாறிப் பேசுகிறார்கள். ஏபிஎஸ் மொடியூல் "சில்லு இந்த வேகத்தில் சுற்றுகிறது" என்று சொல்லும். அதைக் கேட்டுத்தான் ஸ்பீட் மீட்டரும் ஸ்டியரிங்கும் வேலை செய்யும். ஒருவர் பேச்சை நிறுத்தினால் கேட்டுக்கொண்டிருந்த எல்லாரும் முறையிடுவார்கள். எல்லா லைட்டும் ஒன்றாக எரிவதன் இரகசியம் இதுதான். பத்துப் பொருள் பழுதாகி இருக்கத் தேவையில்லை, ஒருவர் வாய் மூடினாலே போதும்.

இனி கோட். ஸ்கேன் மெஷினில் "யூ" என்ற எழுத்தில் தொடங்கும் கோட் பெரும்பாலும் தொடர்புப் பிழையைக் காட்டும் கோட். யூ 0121 என்றால் ஏபிஎஸ் மொடியூலோடு தொடர்பு இல்லை. யூ 0100 என்றால் என்ஜின் மொடியூலோடு தொடர்பு இல்லை. இதை எங்கள் தொழில் பாசையில் சொன்னால், இது வரவு இடாப்பு. இடாப்பில் ஒரு பிள்ளைக்கு வரவில்லை என்று குறித்திருந்தால் பிள்ளை வரவில்லை என்பது மட்டும்தான் தெரியும். காய்ச்சலா, பஸ் வரவில்லையா, வீட்டில் கஷ்டமா என்று இடாப்பு சொல்லாது. இடாப்பைப் பார்த்துப் பிள்ளையைப் பாடசாலையை விட்டு விலக்குகிற அதிபர் உண்டா? யூ கோட்டைப் பார்த்து மொடியூலை மாற்றுவதும் அப்படித்தான்.

இன்னும் ஒன்று. ஒரு வகுப்பில் ஒரு பிள்ளை வராவிட்டால் அந்தப் பிள்ளையை விசாரிப்போம். ஒரே ஊரில் இருந்து வருகிற ஐந்து பிள்ளைகளும் ஒரே நாளில் வராவிட்டால்? பஸ்ஸைத்தான் விசாரிப்போம். காரிலும் அதே கேள்விதான்: தொடர்பு அறுந்த மொடியூல்களுக்கு இடையில் பொதுவாக என்ன இருக்கிறது? ஒரே பியூஸா, ஒரே ரிலேயா, ஒரே எர்த்தா?

சரி, நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறோம்.

முதலாவது, கொப்பி. செலவு நாற்பது ரூபாய். பிழை வரும் ஒவ்வொரு முறையும் திகதி, நேரம், வெயிலா மழையா, எந்த இடம், எவ்வளவு வேகம், ஏசி ஓனா ஓஃபா, ஹெட்லைட் போட்டிருந்ததா, எந்த லைட் முதலில் எரிந்தது என்று எழுதினோம். ஆறு கிழமையில் பதினொரு முறை வந்தது. பதினொன்றிலும் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பது முறை வண்டி நின்றிருந்தது அல்லது மெதுவாகப் போனது. மற்ற இரண்டும் நடுப்பகல் கொதிக்கிற வெயிலில். சுபஹுக்குப் பிறகு ஏசி போடாமல் போன பயணங்களில் ஒரு தடவைகூட வரவில்லை. ஏசி போட்டு, வண்டி மெதுவாகப் போனால் என்ன வேலை செய்யும்? ரேடியேட்டர் ஃபேன். வேகமாகப் போகும்போது காற்று தானாக அடிக்கும், ஃபேனுக்கு வேலை குறைவு. ஃபேன் என்பது பெரிய மின்னோட்டம் இழுக்கும் சாமான். ஒரு மீட்டரும் பிடிக்காமல், கொப்பி மட்டுமே எங்களை வண்டியின் முன்பக்கத்துக்குக் கொண்டுவந்து விட்டது.

பிழை இடைக்கிடை வருகிறது என்கிறோம். உண்மையில் காரணம் இருக்கும்போதுதான் அது வருகிறது. அந்தக் காரணம் நமக்கு இன்னும் தெரியாததால் "இடைக்கிடை" என்று பெயர் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

இரண்டாவது, பெட்டரி. ஹைபிரிட் வண்டியில் பெரிய பெட்டரிக்குப் புறம்பாக 12 வோல்ட் பெட்டரி ஒன்றும் இருக்கிறது. பல வண்டிகளில் பின் சீட்டுக்குக் கீழே அல்லது டிக்கியில் இருக்கும். மொடியூல்கள் எல்லாம் இதில்தான் உயிர் வாழ்கின்றன. சாதாரண காரில் பெட்டரி பலவீனமானால் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றும், நமக்கே தெரிந்துவிடும். பல ஹைபிரிட் வண்டிகளில் என்ஜினைச் சுற்றுவது பெரிய பெட்டரி. ஆகவே 12 வோல்ட் பெட்டரி சாகக் கிடப்பது காதுக்குக் கேட்காது, விசித்திரமான லைட்டுகளாகத்தான் தெரியும். இரவு முழுக்க நிறுத்தி வைத்து காலையில் மீட்டரை வையுங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் கிட்டத்தட்ட அரைவாசி. 12க்குக் கீழ் என்றால் அதை முதலில் சரி செய்யாமல் வேறு எதையும் தொட வேண்டாம். வண்டி ரெடியில் இருக்கும்போது 13.8க்கும் 14.5க்கும் இடையில் வர வேண்டும். எங்களுடையது 12.5, ஓடும்போது 14.1. பெட்டரி குற்றமற்றது. முனைகளில் பச்சை, வெள்ளைப் பூ பூத்திருக்கிறதா, கையால் திருப்பினால் ஆடுகிறதா என்றும் பார்த்தோம். ஆடவில்லை.

மூன்றாவது, எர்த். இதுதான் இந்தப் பதிவின் உயிர். காரில் பெட்டரியின் மறை முனை பொடியோடு பூட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு மொடியூலில் இருந்தும் ஒரு கறுப்பு அல்லது வெள்ளையில் கறுப்புக் கோடு போட்ட வயர் வந்து, பொடியில் ஒரு போல்ட்டில் பூட்டப்பட்டிருக்கும். ஐந்தாறு வயர் ஒரே போல்ட்டில் சேரும். மின்சாரம் போவதைப் பற்றி நாம் எல்லாரும் யோசிக்கிறோம், திரும்பி வருவதைப் பற்றி யோசிப்பதில்லை. திரும்பும் வழி துருப்பிடித்தால் எல்லாம் குழம்பும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. எர்த் வயரை மீட்டரில் ஓம் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் நல்லது என்றே காட்டும். மீட்டரின் சொந்த வயருக்கே 0.2 ஓம் அளவு தடை இருக்கும். அதற்குள் 0.15 ஓம் பிழை ஒளிந்துகொள்ளும். பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒன்று மிஞ்சினாலும் ஓம் மீட்டர் சரி என்றே சொல்லும். ஆனால் ஃபேன் ஓடி 12 அம்பியர் அந்த வழியால் திரும்பும்போது? ஓமின் விதி. 12ஐ 0.15ஆல் பெருக்குங்கள். 1.8 வோல்ட். பிள்ளைகள் "இந்தக் கணக்கு எதுக்கு சேர் படிக்கிறது" என்று கேட்பார்கள் அல்லவா, இதற்குத்தான்.

ஆகவே ஓட விட்டு அளக்க வேண்டும். மீட்டரை டீசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பெட்டரியின் மறையில் (அது பின்னால் இருந்தால், பொனட்டுக்குள் வண்ணம் இல்லாத சுத்தமான என்ஜின் உலோகத்தில்) வைத்து, சிவப்பு முனையை மொடியூலின் எர்த் வயரில் வைக்க வேண்டும். கனெக்டரைக் கழற்றத் தேவையில்லை. பின்பக்கத்தால் வயரை ஒட்டி ஒரு மெல்லிய குண்டூசியைச் செருகினால் போதும். வயரின் தோலைக் குத்தி ஓட்டை போடாதீர்கள், அந்த ஓட்டையால் தண்ணீர் போய் இரண்டாவது பிழை பிறக்கும். வழி சுத்தமாக இருந்தால் 0.1 வோல்ட்டுக்கு மேல் வரக்கூடாது.

ஏசி ஓஃப்: 0.04. ஏசி போட்டு ஃபேன் சுற்றத் தொடங்கியதும்: 1.7.

அந்த எண்ணைப் பார்த்ததும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒருவர் உள்ளே டெஷ்போர்டைப் பார்த்துக்கொண்டு இருக்க, மற்றவர் இடப்பக்க ஹெட்லைட்டுக்குப் பின்னால் போகும் வயர்க் கட்டை ஒரு நீளமான பிளாஸ்டிக் குச்சியால் மெதுவாக அசைத்தார். ஃபேன் சுற்றும்போது கையை உள்ளே விடவே கூடாது. மீட்டர் நாலு, ஐந்து என்று துள்ளியது. உள்ளே இருந்து சத்தம்: "எரியுது! எல்லாம் எரியுது!" ஆறு கிழமையாக ஒளிந்து விளையாடிய பிழையை முதல் தடவையாக நாங்கள் கூப்பிட்டு அது வந்தது. மூன்று கராஜில் வராதது எங்கள் முற்றத்தில், மாமரத்துக்குக் கீழே வந்தது.

ஹெட்லைட்டைக் கழற்றினால் அந்த போல்ட். ஏபிஎஸ்ஸின் எர்த்தும் ஃபேனின் எர்த்தும் ஒரே இடத்தில். அந்தப் பக்கத்தில் எங்களுக்கு முன் வண்டி வைத்திருந்தவர் காலத்தில் டிங்கர் வேலை நடந்திருக்கிறது. பெயின்ட் அடித்து, அந்தப் பெயின்ட்டுக்கு மேலேயே போல்ட்டைப் பூட்டியிருக்கிறார்கள். சில வருடம் போல்ட்டின் புரி வழியாகத்தான் மின்சாரம் போயிருக்கும். பிறகு மாரி மழை, சேர்விஸ் தண்ணீர், துரு. பெட்டரியைக் கழற்றிவிட்டு, சேன்ட் பேப்பரால் உலோகம் பளபளக்கும்வரை தேய்த்து, வயர் முனைகளையும் தேய்த்து, பல்லு வொஷர் ஒன்று போட்டு இறுக்கி, மேலே வாஸலின் பூசினோம். திரும்ப அளந்தால், ஃபேன் சுற்றும்போது 0.03. ஒரு இலட்சத்து எண்பத்தையாயிரம் ரூபாய் மொடியூலுக்கு ஒரு குறையும் இல்லை.

இது நடந்து நாலரை மாதம். கொப்பியில் பன்னிரண்டாவது வரி இன்னும் எழுதப்படவில்லை.

எல்லாருக்கும் எர்த்தில்தான் பிழை இருக்கும் என்று நினைக்க வேண்டாம். மற்ற வழிகளையும் சொல்கிறோம்.

வயல் அறுப்பு முடிந்ததும் எலிகளுக்கு இரை குறைகிறது. இரவில் சூடாக நிற்கும் என்ஜின் அதற்கு நல்ல வீடு. பொனட்டைத் திறந்து வயர்க் கட்டில் கடித்த தடம், புழுக்கை, நெல் உமி இருக்கிறதா என்று போகம் முடியும் நேரத்தில் ஒரு தடவை பாருங்கள். வாய்க்கால் பக்கத்தில் வீடு உள்ளவர்கள் அடிக்கடி பாருங்கள்.

வெயிலில் நிறுத்தியபின் மட்டும் பிழை வருகிறதா? சூடு காரணமாக இருக்கலாம். 1990களின் ஹொண்டா கார்களில் பேர்போன ஒரு நோய் இருந்தது. டெஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் மெயின் ரிலேயின் ஈயப் பற்றுகளில் மயிரிழை வெடிப்பு. வெயிலில் நின்ற வண்டி ஸ்டார்ட் ஆகாது. கண்ணாடியைத் திறந்து ஆறவிட்டால் ஸ்டார்ட் ஆகும். பெற்றோல் பம்ப் மாற்றியவர்கள் எத்தனை பேரோ. உண்மையில் அந்தப் பற்றுகளைத் திரும்ப ஈயம் வைத்து உருக்கினால் சரி. சந்தேகமான ரிலேயை ஹெயார் டிரையரால் மெதுவாகச் சூடாக்கிப் பார்க்கலாம். இன்னொரு இலகுவான வழி, பியூஸ் பெட்டியில் அதே நம்பர் உள்ள ஹோர்ன் ரிலேயோடு மாற்றிப் போட்டுப் பார்ப்பது. பிழை ரிலேயோடு இடம் மாறினால் திருடன் அகப்பட்டான். செலவு ஒன்றுமில்லை.

மழைக்கோ சேர்விஸுக்கோ பிறகு மட்டும் வருகிறதா? கனெக்டருக்குள் தண்ணீர். பெட்டரியைக் கழற்றிவிட்டு, அந்தப் பக்கத்துக் கனெக்டர்களைத் திறந்து பச்சைத் துரு இருக்கிறதா என்று பாருங்கள். என்ஜினுக்குள் பிரஷர் தண்ணீர் அடிக்க வேண்டாம் என்று சேர்விஸ் தம்பிமாரிடம் சொல்லிவிடுங்கள். 2025 நவம்பர் டித்வா வெள்ளத்துக்குப் பிறகு பழைய வண்டி வாங்குபவர்கள் இன்னும் கவனம். சீட்டுக்குக் கீழே காப்பெட்டைத் தூக்கி, கனெக்டர்களையும் சீட் போல்ட்டுகளையும் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

பின்னால் பூட்டிய சாமான்கள்: அலாரம், என்ட்ரொய்ட் செட், டேஷ் கெமரா, எல்ஈடி லைட். இவற்றுக்கு எங்கேயோ ஒரு வயரைச் சீவி டேப் சுற்றியிருப்பார்கள். பிழை வந்தால் முதலில் இவற்றை எல்லாம் கழற்றிவிட்டு ஒரு கிழமை ஓடிப் பாருங்கள்.

கேன் வயரையே பார்க்க விரும்பினால், ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேன் பூட்டும் சொக்கட்டில் பதினாறு துளை இருக்கும். பல வண்டிகளில் ஆறாம் துளையும் அதற்கு நேர் கீழே உள்ள பதினாலாம் துளையும் கேன். பெட்டரியைக் கழற்றிய பிறகு இரண்டுக்கும் இடையில் ஓம் பாருங்கள். இரு முனையிலும் 120 ஓம் தடை இருப்பதால் சேர்ந்து 60 வர வேண்டும். 120 வந்தால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. சைபருக்குக் கிட்ட வந்தால் இரண்டு வயரும் ஒன்றோடொன்று முட்டுகிறது. வண்டிக்கு வண்டி அமைப்பு வித்தியாசப்படும், ஆகவே இதை வைத்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம்.

பெரிய இடங்களிலும் இந்த மாதிரிப் பிழை ஆளை அலைக்கழித்திருக்கிறது. அமெரிக்காவில் டொயோட்டா கார்கள் தானாக வேகம் எடுக்கின்றன என்று முறைப்பாடு குவிந்தபோது நாசாவைக் கூப்பிட்டு ஆராய வைத்தார்கள். 2011இல் அறிக்கை வந்தது. வண்டி தறிகெட்டு ஓடும் அளவுக்கு மின்னணுப் பிழை எதையும் அவர்கள் காணவில்லை. ஆனால் முறைப்பாடு வந்த ஒரு வண்டியின் பெடல் சென்சருக்குள் தகரப் பூச்சில் இருந்து தானாக முளைத்த, தலைமுடியை விட மெல்லிய இழைகளைக் கண்டார்கள். அது இரண்டு முனைகளைத் தொட்டு, இடைக்கிடை பிழை காட்டிக்கொண்டிருந்தது. விண்வெளிக்கு ஆள் அனுப்பியவர்களே உருப்பெருக்கி வைத்துத் தேட வேண்டியிருந்த பிழையை, பத்து நிமிட ஸ்கேனில் பிடிக்கச் சொல்லி நம்ம பாஸை நெருக்குவது நியாயமில்லை.

இனி தொடக்கூடாதவை. இதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

தோடம்பழ நிற வயர்கள்: ஹைபிரிட் பெரிய பெட்டரியின் வயர்கள். நூறு, இருநூறு வோல்ட் டீசி. கை வைத்தால் மௌத்து. அந்தப் பக்கமே போகாதீர்கள். மஞ்சள் நிற கனெக்டர்கள்: எயார்பேக். மீட்டர் முனையை வைத்தால்கூட வெடிக்கலாம். பிரேக் பைப், பிரேக் எண்ணெய்: வீட்டு வேலை அல்ல. பியூஸ் எரிந்தால் அதே அம்பியர் பியூஸ்தான், பெரிய பியூஸோ வயர்த் துண்டோ போட்டால் வண்டி தீப்பிடிக்கும். பெட்டரி கழற்றும்போது மறை முனை முதலில், பூட்டும்போது கடைசியில். பிழை வந்து ஸ்டியரிங் இறுகினால் பதறாமல் ஒதுக்கி நிறுத்துங்கள். பிழை தீரும்வரை இரவுப் பயணம், காட்டு ரோட்டுப் பயணம் வேண்டாம்.

மீட்டர் எங்களுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். போனோடு புளூடூத்தில் இணையும் சின்ன ஸ்கேன் கருவி மூவாயிரத்துச் சொச்சம். அந்தக் கருவி என்ஜின் கோட்டைப் படிக்கும். மலிவானவை ஏபிஎஸ், எயார்பேக் கோட்டைப் பெரும்பாலும் படிக்காது. அதற்கு கராஜ் மெஷின்தான் வேண்டும். கோட்டை அழிப்பதற்கு முன் கட்டாயம் போட்டோ எடுத்து வையுங்கள். அழித்த கோட் போனது போனதுதான்.

பாஸ்மாரிடம் போவதை நிறுத்தச் சொல்லவில்லை. போகும் விதத்தை மாற்றச் சொல்கிறோம். "லைட் எரியுது, பாருங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வராமல் கொப்பியைக் கொடுங்கள். "ஏசி போட்டு நிக்கும்போது வருது, எர்த்தில 1.7 வோல்ட் காட்டுது" என்று சொன்னால் நல்ல பாஸ் உங்களோடு வேறு மாதிரிப் பேசுவார். எங்கள் வேலை முடிந்ததும் நகரத்தில் ஒரு சிங்கள வயரிங் பாஸிடம் கொண்டுபோய்க் காட்டினோம். முப்பது வருட அனுபவம். போல்ட்டைத் தொட்டுப் பார்த்து, எங்கள் கொப்பியை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். "சேர், எல்லாரும் இப்படி எழுதிக்கொண்டு வந்தா எங்கட வேலை பாதி" என்றார். காசு வாங்கவில்லை. மற்றப் பக்கத்து எர்த்தையும் தானே தேய்த்துக் கொடுத்தார்.

அந்த மீட்டர் இப்போது எங்கள் அலுமாரியில் சும்மா கிடக்கிறது. யாருக்காவது தேவைப்பட்டால் வீட்டுக்கு வந்து எடுத்துப் போங்கள். அஸருக்குப் பிறகு வந்தால் எப்படிப் பிடிப்பது என்று காட்டியும் தருவோம். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள், சாதாரண தரம் எழுதப் போகிறவர்களுக்கு மின்சாரப் பாடம் ஒரு மணித்தியாலத்தில் விளங்கிவிடும். பெண்பிள்ளைகளும் வரலாம், இதில் பலம் தேவையில்லை, பொறுமைதான் தேவை. ஒரே ஒரு நிபந்தனை: கொப்பி எழுதிக்கொண்டு வர வேண்டும்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. போல்ட்டை இறுக்கிவிட்டு பிஸ்மில்லாஹ் சொல்லி வண்டியை எடுப்போம்.

வாப்பாவுக்காக துஆச் செய்யுங்கள். எல்லோருடைய பயணத்தையும் அல்லாஹ் பாதுகாப்பானதாக ஆக்குவானாக. இதே மாதிரி உங்கள் வண்டியில் பிழை பிடித்த அனுபவம் இருந்தால் கீழே எழுதுங்கள், இன்னொரு குடும்பத்துக்கு உதவும்.